படம் காட்டத் தெரிந்த டீச்சர்

செந்தாமரை டீச்சருக்கு அரசாங்கத்திலிருந்து அதுவரை இரண்டு நீள உறைகள் வந்திருந்தன. முதலாவது, பள்ளிக்கூடக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று அவளிடமே விளக்கம் கேட்டது. இரண்டாவது, அந்த விளக்கம் திருப்தியாக இல்லை என்றது. ஆகவே 1964ஆம் வருஷம் ஆடி மாதத்தில் மூன்றாவது உறை வந்தபோது மத்தியானம் வரை அதை அவள் பிரிக்கவில்லை. பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, சிங்கவரத்து ஓராசிரியர் பள்ளியின் ஒரே கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள்.

உள்ளே இருந்தது தண்டனை அல்ல, பயிற்சி. வகுப்பறையில் நவீன சாதனங்களைக் கையாள ஆசிரியர்களைப் பழக்குவதற்கென்று சர்க்கார் பெருந்தொகை ஒதுக்கியிருந்தது. அதற்காகவே புதிதாக ஒரு திட்டம், அந்தத் திட்டத்துக்கு ஒரு தனி அலுவலர். செஞ்சி வட்டாரத்தில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பத்து நாள் பயிற்சி. தினமும் மோர் உண்டு. முடிந்ததும் ஆளுக்கொரு கருவி. சுவரில் படம் காட்டுகிற அந்தக் கருவியின் பெயர் நிலைப்படச்சுருள் ஒளிவீழ்த்தி.

கணவர் ஜெயராமன் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது. உத்தரவை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"அந்தப் பொட்டி கரன்ட்டுல ஓடுமா?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் போட்டிருக்குது."

"உன் பள்ளிக்கூடத்துல கரன்ட் இருக்குதா?"

"இல்ல."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"போன வருசமே எழுதிக் குடுத்தனே."

"அப்ப எதுக்கு உன்னக் கூப்புட்டாங்க?"

ஜெயராமன் கூரையைப் பார்த்தார். "இதுல இன்னாவோ இருக்குது," என்றார். "மோர் வேற குடுக்கறாங்க."

பயிற்சி செஞ்சிக் கடைவீதியில் கனகராஜ் செட்டியாரின் மல்லாட்டை மண்டியில் நடந்தது. ஒரு பக்கம் நிலக்கடலை மூட்டைகள், மறுபக்கம் நாற்பது ஆசிரியர்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் சாமந்தி மாலை போட்ட தகரப் பெட்டி. பெட்டியின் நான்கு பக்கமும் அரக்கு முத்திரை. கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

தனி அலுவலர் தேவநாதன் கோட்டுப் போட்டிருந்தார். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் கோட்டுப் போட்டவர் அந்தக் கடைவீதியிலேயே அவர் ஒருவர்தான்.

"ஆசிரியப் பெருமக்களே!" என்று ஆரம்பித்தார். "இது வெறும் பெட்டி அல்ல. இது கல்வியின் கண். நாட்டின் எதிர்காலம் இதற்குள்ளே இருக்கிறது. அதனால்தான் யாரும் திறந்துவிடாதபடி முத்திரை வைத்திருக்கிறோம். இந்தத் திட்டத்துக்கு அரசு செலவிடும் பணத்தில் ஒரு காசு வீணாகாது. கருவிக்குப் பாதி, கருவியை உங்களிடமிருந்து காப்பாற்றுவதற்குப் பாதி என்று கண்ணும் கருத்துமாகப் பிரித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். பிறகு விதிகளைப் படித்தார். நான்காவது விதி, பயிற்சி பெறாதவர் எவரும் கருவியைத் தொடக் கூடாது. ஐந்தாவது விதி, பத்து நாள் முடிந்து சான்றிதழ் வாங்கியவரே பயிற்சி பெற்றவர் ஆவார்.

பனமலையிலிருந்து வந்திருந்த ராஜாராம் வாத்தியார் எழுந்தார். பயந்த மனுஷர். சந்தேகம் கேட்கும்போதுகூடக் கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்பார். "அப்ப இந்தப் பத்து நாளும் பொட்டியத் தொறக்க மாட்டீங்களா சார்?"

"யார் திறப்பது? உங்களில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா?"

"நீங்க தொறக்கலாமே சார்."

"நான் பயிற்சி அளிப்பவன்," என்றார் தேவநாதன். "பயிற்சி பெற்றவன் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

ராஜாராம் உட்கார்ந்தார்.

முதல் நாள் முழுவதும் கருவியின் பெயரை எழுதிப் பழகினார்கள். 'வீழ்த்தி'யில் குறிலா நெடிலா என்று ஒரு வாக்குவாதம் வந்து, மோர் வந்ததும் நின்றது. இரண்டாம் நாள் தேவநாதன் கரும்பலகையில் பெட்டியின் படத்தைப் போட்டார். வெளிப்பக்கம் மட்டும். மூன்றாம் நாள் சுவிட்சு போடும் பயிற்சி. நாற்பது பேரும் எழுந்து நின்று, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, இல்லாத சுவிட்சை ஒரே நேரத்தில் கீழே தள்ளினார்கள். செந்தாமரைக்கு இடது கை பழக்கம். அவளைத் தனியாக நிறுத்தி இருபது தடவை போடச் சொன்னார். ஐந்தாம் நாள் இருட்டுப் பயிற்சி. படம் காட்ட இருட்டு வேண்டும் என்பதால் மண்டியின் கதவையெல்லாம் அடைத்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். மல்லாட்டைத் தூசியில் அத்தனை பேரும் தும்மினார்கள். மேற்பார்வைக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி, கதவைத் திறந்ததும் நாற்பது பேரின் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, "ஆழ்ந்து கற்றிருக்கிறார்கள்," என்று பதிவேட்டில் எழுதினார்.

செந்தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை பேரைப் பத்து நாள் ஒன்றுமே இல்லாததற்காக உட்கார வைப்பார்களா? வேறு எதற்கோ உட்கார வைத்திருக்கிறார்கள். பெட்டி காலியோ? காலிப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டு, உள்ளே இருந்தது எங்கே என்று பிறகு கேட்பார்களோ? ஏழாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்தாள்.

"சார், படம் எவ்வளவு தூரத்துல விழும்?"

தேவநாதன் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி உங்களை யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பல சார். எனக்கே தோணுச்சு."

"ஏழு நாளாக முப்பத்தொன்பது பேருக்குத் தோன்றாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?" அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து அவளுடைய பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். "சங்கம் ஏதாவது?"

"இல்ல சார்."

"இல்லை என்கிறார்," என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்குச் செந்தாமரை பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஊருக்கு வெளியே போட்டிருந்த டூரிங் சினிமாக் கொட்டகைக்கு நடந்தாள். ஆபரேட்டர் கோவிந்தசாமி முதல் ஆட்டத்துக்கு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒருத்தி கொட்டகைக்கு வந்து நிற்கிறாள் என்றதும் தன் மகன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று நினைத்து, "நான் வேணா அவன ரெண்டு சாத்தறேன் டீச்சர்," என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பத்து நாளா? எதுக்கு? விளக்கு பின்னால, சுருள் நடுவுல, கண்ணாடி முன்னால. மங்கலா இருந்தா கண்ணாடிய முன்ன தள்ளு, இல்லன்னா பின்ன இழு. செவுரு கிட்ட இருந்தா படம் சின்னது, தள்ளிப் போனா பெருசு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"வெளிச்சம் எதுவா இருந்தாலும் படம் வரும். சூரியனாயிருந்தாலும் சரி. நீ இப்பிடி வா, இத நீயே சுத்து."

அவள் சுற்றினாள். முக்கால் மணி நேரம். மிஷின் விளக்கில் எரியும் கரிக்குச்சியின் கரி கைகளில் ஒட்டியது. வீட்டுக்கு வந்தபோது ஜெயராமன் அதைப் பார்த்து, "மோருக்கு அடுப்பு மூட்ட உட்டாங்களா?" என்று கேட்டார்.

பத்தாம் நாள் சான்றிதழ் விழா. அகர வரிசையில் முதலில் வந்த ஆதிலட்சுமி டீச்சருக்குச் சான்றிதழ் கொடுத்து, பயிற்சி பெற்ற முதல் ஆசிரியை என்ற முறையில் முத்திரையை உடைக்கச் சொன்னார்கள். அந்தம்மாள் சீயமங்கலத்தில் இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள். அரக்கை உடைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு கருவி இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, பத்து நாளாகப் பழகியபடி, காற்றில் கீழே தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தள்ளினாள். முன்வரிசையில் அதிகாரிகள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஆதிலட்சுமிக்கு உதடு நடுங்கத் தொடங்கியது.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் செந்தாமரை எழுந்து போனாள். தன் முறை வருவதற்கு இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை. ஒயரைச் சொருகினாள், சுருளைப் போட்டாள், மேசையை நாலடி பின்னால் இழுத்தாள், கண்ணாடியை முன்னால் தள்ளினாள். மல்லாட்டை மூட்டைகளுக்கு மேலே வெள்ளைச் சுவரில் ஒரு கப்பல் வந்து நின்றது. புகைபோக்கி, கொடி, தண்ணீர், எல்லாம் துல்லியமாக இருந்தன.

மூட்டை தூக்குகிற ஒருவர் மட்டும் கைதட்டினார். தேவநாதன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"பயிற்சிக்கு வந்தேனே சார்."

"பயிற்சியில் இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை!" என்று தேவநாதன் சத்தம் போட்டார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். "பயிற்சியில் இல்லாத ஒன்று பயிற்சிக்கு வந்தவருக்குத் தெரிந்திருந்தால் என்ன அர்த்தம்? வெளியிலிருந்து வந்திருக்கிறது. பாடத்திட்டத்துக்குப் புறம்பான அறிவு! இதை இப்படியே விட்டால் நாளைக்கு எல்லா ஆசிரியர்களும் அவரவர் இஷ்டத்துக்குத் தெரிந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பயிற்சிக்கு அடுத்த வருஷம் எதைக் காட்டிப் பணம் கேட்பது?"

சான்றிதழ் இல்லாமல் கருவியைத் தொட்டது நான்காவது விதிக்கு விரோதம். மெமோ வந்தது. விசாரணை முடியும் வரை அந்த வருஷத்துச் சம்பள உயர்வு கிடையாது, வேலை நிரந்தரமா என்பதும் பிறகே தெரியும். கூடவே ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். "எனக்கு இக்கருவியை இயக்கத் தெரியாது. அன்று படம் விழுந்தது தற்செயல்," என்று இணைத்துள்ள தாளில் கையெழுத்துப் போட்டால் கருவியை இயக்கத் தெரிந்தவர் என்ற சான்றிதழ் உடனே வழங்கப்படும்.

ஜெயராமன் தாளை வாங்கிப் பார்த்தார். "போட்டுடு. ஒரு கையெழுத்துத்தான."

"தெரியும்னு இருக்கறத எப்பிடிங்க தெரியாதுன்னு போடறது?"

"எத்தினி பேரு தெரியாதத தெரியும்னு போட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"அது அவங்க பாடு." அவள் தாளை மடித்துப் பானைக்கு அடியில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கப்பல் தற்செயலா வரலீங்க. நான்தான் கொண்டாந்தேன்."

மறுநாள் ஜெயராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மண்டியில் எடைச்சீட்டு எழுதும் வேலை கிடைக்குமா என்று கேட்கப் போனார்.

முப்பத்தொன்பது பேருக்கும் பெட்டி வந்துவிட்டது. பாதிப் பேருடைய ஊரில் கரன்ட் கம்பம்கூட இல்லை. அதோடு ஒரு படிவமும் வந்தது. மாதத்துக்கு எத்தனை படம் காட்டப்பட்டது, மாணவர் எவ்வளவு மகிழ்ந்தனர் என்று நிரப்பி அனுப்ப வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாராம் வாத்தியார் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"இருபத்துநாலு படம் காட்டினேன், பசங்க ரொம்ப மகிழ்ந்தாங்கன்னு ரெண்டு மாசமா எழுதி அனுப்பிட்டேன் டீச்சர். யாராவது வந்து காட்டுன்னு சொன்னா நான் இன்னா பண்ணுவேன்? எனக்குப் பொட்டியத் தொறக்கவே பயமா இருக்குது."

செந்தாமரை அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "யாரு உங்கள அனுப்பினாங்க?"

"என் பொண்டாட்டிதான்," என்றார் ராஜாராம். "ராத்திரியெல்லாம் சுவிட்சு சுவிட்சுன்னு பொலம்பறனாம்."

அவள் நம்பினாள். தகர ஜன்னலில் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது. கருவியின் விளக்கைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். ராஜாராமை வெளியே வெயிலில் நிற்க வைத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைத் திருப்பச் சொன்னாள். நாலைந்து தடவை தவறியது. பிறகு உள்சுவரில் வெளிச்சம் விரிந்து, அதற்குள் ஒரு மாடு தெரிந்தது. ராஜாராம் கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். மாடு மறைந்துவிட்டது. இருவரும் மாற்றி மாற்றி நின்று பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ராஜாராமோடு ஆதிலட்சுமியும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு ஆறு பேர். யாரும் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் பதினொரு பேர் வாரம் தவறாமல் வந்தார்கள். பிள்ளைகளும் மோப்பம் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடலைப் பார்த்திராத பிள்ளைகள் திமிங்கிலத்தைப் பார்த்துக் கத்தியபோது செந்தாமரைக்கு மெமோ மறந்துபோகும். அவர்கள் போன பிறகு மறுபடியும் நினைவுக்கு வரும்.

கார்த்திகை முதல் ஞாயிறு, பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர்கள் மட்டும் உள்ளே இருக்கும்போது, வரப்பு வழியாகக் கோட்டுப் போட்ட ஒருவர் குடையோடு வருவது தெரிந்தது. வெளியே கண்ணாடி பிடித்திருந்த ராஜாராம் கண்ணாடியோடு உள்ளே பாய்ந்தார். செந்தாமரை கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இருட்டில் உட்காருவதற்கு அவர்கள் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள்.

தேவநாதன் சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிள்களை எண்ணினார். "யாருடையது?"

"சந்தைக்கு வந்தவங்க வுட்டுட்டுப் போயிருக்காங்க சார்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன சந்தை?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் குடையை மடக்கினார். குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நான் இங்கே வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம். அந்தக் கருவியை எப்படி இயக்குவது?"

செந்தாமரை கதவோடு ஒட்டி நின்றாள். பிடிக்க வந்திருக்கிறார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள்.

மூன்று மாதமாக அவளிடமிருந்து அவர் எழுத்தில் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது. கேட்டதும் தேவநாதனின் முகம் விழுந்துவிட்டது.

"இப்போது போய்த் தெரியாது என்கிறீர்களே! புதன்கிழமை மெட்ராசிலிருந்து கல்வித்துறை டைரக்டர் வருகிறார். திட்டம் பிரமாதம், உங்கள் கையாலேயே ஒரு படம் காட்டுங்கள் என்று லெட்டர் போட்டிருக்கிறார். முப்பத்தொன்பது பேரில் ஒருவரைக் காட்டச் சொல்லலாம் என்றால், அவர்களுக்கு நான்தானே பயிற்சி கொடுத்திருக்கிறேன்!" கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் டீச்சர்."

"அத எழுதிக் குடுங்க சார்."

"என்னவென்று?"

"எனக்கு இந்தப் பொட்டிய இயக்கத் தெரியும், நான் ஒரு தப்பும் பண்ணல, மெமோவ வாபஸ் வாங்கறோம்னு."

அவர் வயல் பக்கம் பார்த்தார். வரப்பில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து, சுவரில் தாளை வைத்து எழுதினார். பழக்க தோஷத்தில் அடியில் 'நகல்' என்று எழுதி, "யாருக்கு?" என்று கேட்டார்.

"அசல் எனக்கு. நகல் யாருக்கும் வேணாம் சார்."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். தேதியை ஒரு மாதம் முன்னால் போட்டிருந்தார். அதைத் திருத்தச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். பிறகு தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"செருப்ப வெளியில வுட்டுட்டு வாங்க சார்."

இருட்டுக்குள் பதினொரு ஆசிரியர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பதை அவர் உள்ளே நுழைந்த பிறகே பார்த்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆதிலட்சுமி டீச்சர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தேவநாதன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டு, சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்தார்.

ராஜாராமை மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டு, முதலில் செந்தாமரை காட்டினாள். பிறகு அவரைக் கூப்பிட்டுச் சுருளை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சொருகினார். வெளியே ராஜாராம் கண்ணாடியைத் திருப்பினார். வெளிச்சம் வந்து சுவரில் விழுந்தது. கப்பல் தலைகீழாகத் தொங்கியது. கடல் மேலே, கொடி கீழே.

தேவநாதன் அதை உற்றுப் பார்த்தார். மெல்லக் கழுத்தைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, முகம் தோளில் படும் வரை கொண்டுபோய், "ஆ, சரியாகத்தான் இருக்கிறது," என்றார்.

"தலையத் திருப்பாதீங்க சார்," என்றாள் செந்தாமரை. "சுருளத் திருப்புங்க."